சேனாதிபதியின் தூது

அமைச்சுக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், தன் அரசனுக்கு மந்திராலோசனை சொல்லுகிறவனுடைய தர்மம் ஒன்று, தன் அரசனுடைய சொல்லை வேற்றரசனிடம் கொண்டு செல்லுகிறவனுடைய தர்மம் மற்றொன்று என்பதை ஐயமறத் தெரிந்தே அவ்வாறு வகுத்தார். ஒரே மனிதன் ஓர் அரசனுக்குத் தூதனாகப் புறப்பட்டுப் போய், போன இடத்தில் அந்த வேற்றரசனுக்கே அமைச்சனாகவும் அமர்ந்து, இருவர் பெயராலும் ஒரு யுத்தத்தை நடத்த நேருகின்ற விசித்திர நிலையை, இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் தென் வியட்நாம் தேசத்தில் உலகம் கண்டது. அந்த நிலையில் சிக்கியவர் சாமானியர் அல்லர். தம் காலத்து அமெரிக்க ராணுவத்தில் கல்வியாலும் வீரத்தாலும் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட ஜெனரல் மாக்ஸ்வெல் டெய்லர் அவர். அவர் சைகோன் நகரத்தில் ஸ்தானிகராக இருந்த காலம் ஒரு வருஷத்துக்குச் சற்றே மேற்பட்டது. அந்தக் குறுகிய காலத்துக்குள்தான், ஆலோசகர்களை அனுப்பி உதவிக்கொண்டிருந்த அமெரிக்கா தானே போர்க்களத்தில் இறங்கியது.

1964-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அவர் அப்பதவியை ஏற்றபோது, முப்படைத் தளபதிகளின் கூட்டுச் சபைக்குத் தலைவராக, அமெரிக்க ராணுவத்தில் அதற்கு மேல் இல்லை என்னும் ஆசனத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். ஜனாதிபதி ஜான்ஸன் அவர் கையில் கொடுத்தனுப்பிய அதிகாரக் கடிதம், வேறெந்த ஸ்தானிகருக்கும் எளிதில் கிடைக்கக் கூடியதன்று. தென் வியட்நாமில் அமெரிக்கா செய்யும் சகல காரியங்களுக்கும், ராணுவ முயற்சி உட்பட, முழுப் பொறுப்பும் அவருடையதே என்று அக்கடிதம் கூறிற்று. அங்கிருந்த அமெரிக்கப் படைத்தலைவர் வெஸ்ட்மோர்லண்ட், டெய்லரிடம் முன்பு பணியாற்றி அவராலேயே உயர்த்தப்பட்டவர். ராஜதந்திர நெளிவு சுளிவுகளில் துணை நிற்க அலெக்ஸிஸ் ஜான்ஸன் என்ற அனுபவசாலி உப ஸ்தானிகராக உடன் வந்தார். இத்தனை அதிகாரமும் இத்தனை துணையும் ஒருங்கே பெற்ற ஒருவர் ஒரு வருஷத்தில் எதைத் தடுத்தார், எதைத் தடுக்க முடியாமற் போனார் என்பதே நாம் இங்கே ஆராயப் புகுந்த விஷயம்.

மிஸௌரி மாகாணத்தில் கீட்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1901-இல் பிறந்து, 1922-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையில் தேறியவர் டெய்லர். வாளைப் போலவே மொழியையும் ஓர் ஆயுதமாகக் கருதியவர். பிரெஞ்சும் ஸ்பானிஷும் கற்று அதே கலாசாலையில் அவற்றைப் போதித்தார். பின்னர் டோக்கியோவில் நான்கு வருஷம் இருந்து ஜப்பானிய பாஷையைப் பயின்றார். 1937-இல் சீனாவில் யுத்தம் மூண்டபோது, பீகிங்கில் இருந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஸ்டில்வெல்லுக்கு உதவியாகச் சிறிது காலம் அனுப்பப்பட்டார். ஆசியாவைப் படத்தில் மட்டும் பார்த்தவர் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

அவருடைய வாழ்க்கையில் சைகோனை நினைக்கும்போதெல்லாம் உடன் நினைக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. அது ரோமாபுரியில் நடந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைவதென்று ரகசியமாக ஒப்புக்கொண்ட சமயத்தில், அமெரிக்க விமானப் படைவீரர்களை ரோமாபுரிக்கு அருகே குடைகளோடு இறக்கி நகரத்தைக் கைப்பற்றுவது என்று ஒரு திட்டம் தீட்டப்பட்டது. இத்தாலியர் வாக்களித்தபடி உதவுவார்களா என்பதை நேரில் கண்டறிந்து வர, பிரிகேடியர் ஜெனரலாக இருந்த டெய்லரும் கார்டினர் என்ற மற்றோர் அதிகாரியும் புறப்பட்டார்கள். கடலில் ஓர் இத்தாலியப் போர்க்கப்பலில் ஏறி, கயேட்டா துறையில் இறங்கி, கடலிலிருந்து பிடிபட்ட விமானிகளைப் போலத் தோன்றும்படி உடுப்பை நனைத்துக் கசக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றில் மறைந்து, ஜெர்மானியர் நிறைந்த பாதை வழியே நகரத்துக்குள் புகுந்தார்கள். அங்கே அவர்களுக்கு நேர்த்தியான விருந்து தயாராக இருந்தது. படைகள் தயாராக இல்லை. ஜெனரல் கார்போனி, தம் வீரர்களிடம் பெட்ரோலும் குண்டும் இல்லை, ஜெர்மானியர் விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்ன மாத்திரத்தில், டெய்லர் நள்ளிரவென்றும் பாராமல் பிரதமர் படோக்லியோவைத் துயிலெழுப்பச் செய்து நேரில் கேட்டார். கேட்டதை அப்படியே கம்பியில்லாத் தந்தி மூலம் தெரிவித்து, திட்டத்தைக் கைவிடும்படி செய்தியனுப்பினார். சிஸிலியில் விமானங்கள் வீரர்களோடு புறப்படும் தறுவாயில் அந்தப் பயணம் நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உயிர் அவர் கண்டு சொன்ன ஒரு வார்த்தையால் காப்பாற்றப்பட்டது. நேரில் போய்ப் பார்த்தவன் சொல்லுக்கு மேலே இருப்பவர்கள் செவிசாய்த்தால் எவ்வளவு நன்மை உண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை யுத்த சரித்திரத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் 101-வது விமானப் படைப்பிரிவுக்குத் தலைவராக நார்மண்டியில் இரவோடிரவாகக் குதித்ததையும், யுத்தம் முடிந்தபின் வெஸ்ட் பாயிண்ட் கலாசாலையின் தலைவராக இருந்ததையும், 1953-இல் கொரியாவில் எட்டாவது சேனைக்குத் தலைமை தாங்கியதையும் இங்கே விரிக்கவில்லை. ஆனால் அவர் தரைப்படையின் பிரதம அதிகாரியாக இருந்த 1955 முதல் 1959 வரையிலான காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜனாதிபதி ஐசன்ஹோவர், அணுகுண்டின் பயத்தாலேயே சத்துருக்களை அடக்கலாம் என்று கருதித் தரைப்படையைக் குறைத்துக்கொண்டு வந்தார். அது தவறு என்பது டெய்லருடைய உறுதியான அபிப்பிராயம். இருந்தும் அவர் நான்கு வருஷமும் பதவியை விடவில்லை. உள்ளே இருந்தபடி வாதாடினார், தோற்றார், உத்தரவை நிறைவேற்றினார், ஓய்வு பெற்ற பிறகே புத்தகம் எழுதித் தம் கட்சியை உலகறியச் செய்தார். முடிவாகும் வரையில் மறுத்துப் பேசுவது, முடிவானபின் அதைத் தன் முடிவாகவே ஏற்று நடத்துவது என்னும் போர்வீரனுடைய கட்டுப்பாடு அவர் இரத்தத்தில் ஊறியிருந்தது. ராணுவத்துக்கு அது சிறந்த குணந்தான். அரசியல் ஆலோசனைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அவருடைய புத்தகத்தைப் படித்து மதித்தவர் ஜனாதிபதி கென்னடி. கியூபாவில் படையெடுப்பு முறிந்து அவமானப்பட்ட 1961-ஆம் வருஷத்தில், அதன் காரணங்களை விசாரிக்க டெய்லரை வரவழைத்து, பிறகு தம் சொந்த ராணுவ ஆலோசகராகவே வெள்ளை மாளிகையில் அமர்த்திக்கொண்டார். அந்த அக்டோபரில் டெய்லரையும் ராஸ்டோ என்ற பொருளாதார நிபுணரையும் தென் வியட்நாமின் நிலையை அறிந்துவர அனுப்பினார்.

சைகோன் தமிழருக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே செட்டிநாட்டு நகரத்தார் அங்கே கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் தோற்று வெளியேறிய 1954-இல், ஜினீவா உடன்படிக்கை அந்த நாட்டைப் பதினேழாவது அட்சரேகையில் இரண்டாகப் பிரித்தது. அந்நியப் படைகளும் ஆயுதங்களும் புதிதாக வந்து குவியாமல் கண்காணிக்க ஒரு சர்வதேசக் கமிஷனை நியமித்து, அதன் தலைமையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. ஆகவே, அங்கே அமெரிக்கத் துருப்புகளை இறக்குவது என்பது உடன்படிக்கையை மீறுவதாகும். அதை மறைக்க ஒரு வேஷம் தேவைப்பட்டது. அந்த வருஷம் மீகாங் நதி பெருக்கெடுத்து வயல்களையெல்லாம் மூழ்கடித்திருந்தது. வெள்ள நிவாரணம் என்ற பெயரில் சுமார் 8,000 வீரர்களை அனுப்பலாம் என்று, சைகோனிலிருந்து திரும்பும் வழியில் பிலிப்பைன் தீவிலுள்ள பாகியோ மலைவாசத்தில் தங்கியிருந்த டெய்லர் கென்னடிக்குத் தந்தி எழுதினார். தென் வியட்நாம் படை நடத்துவதற்கு அப்படியொன்றும் கஷ்டமான இடமன்று என்றும், வட வியட்நாமை விமானத் தாக்குதலால் எளிதில் பணிய வைக்கலாம் என்றும் அவர் அப்போது கருதினார். கொரிய யுத்தத்தின் நிழல் அவர் கண்முன் நின்றது. டில்லியில் அமெரிக்க ஸ்தானிகராக இருந்த கால்பிரெய்த் இந்த யோசனையைப் பலமாக எதிர்த்துக் கென்னடிக்கு எழுதினார். கென்னடி துருப்புகளை அனுப்ப இசையாமல், ஆலோசகர்களை மட்டும் பெருக்கினார். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் நம்மவர் தலைமையில் இருந்த கமிஷன், வடக்கு தெற்கில் கலகத்தை வளர்க்கிறதென்றும் தெற்கு அமெரிக்காவோடு ராணுவக் கூட்டு வைத்துக்கொண்டிருக்கிறதென்றும் இருவரையும் குற்றம் சாட்டி அறிக்கை விட்டது. போலந்துப் பிரதிநிதி மட்டும் அதற்கு உடன்படவில்லை. இரு தரப்பாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1963 செப்டம்பர் இறுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி மக்னமாராவோடு டெய்லர் மறுபடியும் சைகோனுக்கு வந்தார். தென் வியட்நாம் ஜனாதிபதி தியெமுக்கு எதிராகப் பௌத்தர்கள் கொதித்தெழுந்திருந்த வேளை அது. சேனாதிபதிகள் சதி செய்கிறார்கள் என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. சதிகாரரில் முதல்வரான ஜெனரல் மின்னின் மனத்தை அறிய, நகரத்துப் பிரெஞ்சு விளையாட்டுச் சங்கத்தில் டெய்லர் அவரோடு டென்னிஸ் ஆடினார். மக்னமாரா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தும் மின் பந்தைப் பற்றித் தவிர வேறொன்றும் பேசவில்லை. திரும்பிப் போன இருவரும், ராணுவ நிலை நன்றாகவே இருக்கிறது, அவ்வருஷ முடிவுக்குள் 1,000 அமெரிக்கர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம், 1965 முடிவுக்குள் பெரும்பகுதி வேலை தீர்ந்துவிடும் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் தியெம் கொல்லப்பட்டார். மூன்று மாதத்தில் மின்னும் கவிழ்க்கப்பட்டு நுயென் கான் என்ற மற்றொரு ஜெனரல் ஆட்சிக்கு வந்தார். 1964 மார்ச்சில் ஊர் ஊராகப் போட்ட மேடைகளில், கான் நடுவில் நிற்க, மக்னமாரா ஒரு பக்கமும் டெய்லர் ஒரு பக்கமுமாக அவர் கைகளைத் தூக்கிப் பிடித்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். அந்நியர் இருவர் கைதூக்கிக் காட்டிய தலைவரை அந்த ஜனங்கள் தங்களவராக எப்படி மதித்திருப்பார்கள் என்ற யோசனை அப்போது அவர்களுக்குத் தோன்றாமற் போனது பெரிய துரதிர்ஷ்டம்.

இவ்வளவும் நடந்த பிறகே டெய்லர் ஸ்தானிகராக வந்தார். வந்து ஒரு மாதம் நிறைவதற்குள் டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களுக்கும் வட வியட்நாம் படகுகளுக்கும் மோதல். ஆகஸ்டில் கான் தமக்கே சர்வாதிகாரம் தரும் சாசனம் ஒன்றைப் பிரகடனம் செய்ய, மாணவர்களும் பௌத்தர்களும் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் ஒரு சதிப் புரட்சி வந்து அடங்கியது. அதன்மேல் சிவிலியன்கள் கையில் ஆட்சியை ஒப்படைக்க வேண்டுமென்று டெய்லர் ஓயாமல் வற்புறுத்தியதன் பேரில், முதியவர்களைக் கொண்ட தேசிய உயர் கவுன்ஸில் ஒன்று கூடி, சூ என்பவரை ராஜ்யத் தலைவராகவும், சைகோன் நகர மேயராக இருந்த பள்ளி ஆசிரியர் டிரான் வான் ஹுவோங்கைப் பிரதமராகவும் அமர்த்தியது. இந்தச் சிறு கட்டடம் ஸ்தானிகர் டெய்லரின் உழைப்பால் எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. வடக்கின்மீது விமானத் தாக்குதல் நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு முன் தெற்கில் நிலையான சர்க்கார் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. காலூன்ற இடமில்லாமல் கையை ஓங்கலாகாது என்று அவர் எண்ணியது நியாயமே.

டிசம்பர் 20-ஆம் தேதி அந்தக் கட்டடம் இடிந்தது. வயது முதிர்ந்த சேனாதிபதிகளைக் கட்டாயமாக ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டுமென்று இளைய சேனாதிபதிகள் கேட்டதற்குக் கவுன்ஸில் இணங்காமற் போகவே, அவர்கள் இரவோடிரவாக அதன் அங்கத்தினரைக் கைது செய்து கவுன்ஸிலைக் கலைத்துவிட்டார்கள். செய்தி அறிந்த டெய்லர் கானை ஸ்தானிகராலயத்துக்கு அழைத்தார். கான் வராமல் தம் பிரதிநிதிகளாக நால்வரை அனுப்பினார். விமானப் படைத் தலைவர் கீ, தரைப்படையைச் சேர்ந்த தியூ, தி, கடற்படைத் தலைவர் காங் என்ற அந்த நால்வரும் நாற்காலிகளில் அமர்ந்ததும், உங்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் புரியுமா என்பதே டெய்லர் கேட்ட முதல் கேள்வி. இந்த ஆட்சிக் கவிழ்ப்புகளில் அமெரிக்கர் சலித்துப்போய்விட்டார்கள் என்று வெஸ்ட்மோர்லண்ட் அளித்த விருந்தின்போதே தாம் தெளிவாகச் சொல்லியிருந்ததாகவும், அந்த வார்த்தைகள் வீணாயின என்றும், ஒருவேளை தம் பிரெஞ்சு மொழியில்தான் கோளாறு இருந்து அவர்களுக்கு விளங்காமற் போயிற்றோ என்றும் அவர் தொடர்ந்து கூறினார். பாத்திரங்களை உடைத்துச் சிதறவிட்டு வந்திருக்கிறீர்கள், இனி எப்படிச் சரிசெய்வது என்று பார்க்க வேண்டும், இப்படியே நடந்துகொண்டால் உங்களை என்றென்றைக்கும் நாங்கள் தாங்கிப் பிடிக்க முடியாது என்றார். இந்தச் சம்பாஷணை குறிப்பெடுக்கப்பட்டு வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டதனால் இன்றும் அப்படியே இருக்கிறது.

அதைப் படிக்கும் எவருக்கும் டெய்லருடைய கோபம் நியாயமானதென்றே தோன்றும்; எனக்கும் அப்படியே தோன்றுகிறது. ஆயினும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை மறக்கலாகாது. முப்பதிலும் நாற்பதிலும் இருந்த அவர்கள், பிரெஞ்சு அதிகாரிகள் தங்கள் நாட்டில் நாட்டாண்மை செய்ததைப் பிள்ளைப் பிராயத்திலேயே கண்டு வளர்ந்தவர்கள். அந்த ஆட்சி போய்ப் பத்து வருஷந்தான் ஆகியிருந்தது. பிறநாட்டு ஸ்தானிகர் ஒருவர், அந்தச் சுதந்தர தேசத்தின் தலைநகரத்திலேயே, அதன் சேனாதிபதிகளைத் தம் மாளிகைக்கு வரவழைத்து வைது அனுப்பினார் என்றால், அவர் சொன்னது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது அவர்கள் காதில் உபதேசமாக விழுந்திராது. தூதனுடைய வாயால் அமைச்சன் பேசும்போது நேருகிற விபத்து இதுதான். கண்டிக்கும் உரிமை அவருக்குத் தூதர் என்ற முறையில் இல்லை. கண்டிக்காமல் இருக்கும் பொறுமை, தம் நாட்டவர் 23,000 பேர் அங்கே உயிரைப் பணயம் வைத்திருந்த நிலையில் அவருக்கு வரவில்லை.

மறுநாள் கானிடமே, அவரால் இனிப் பயனில்லை, நாட்டை விட்டுச் சிறிது காலம் வெளியே போவது நலம் என்ற கருத்துப்படப் பேசினார். கான் சும்மா இருக்கவில்லை. ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிருபரையே வரவழைத்து, டெய்லர் தம் வேலையின் வரம்பை மீறி நடக்கிறார் என்று வெளிப்படையாகத் தாக்கினார். டெய்லரை வேண்டாத ஆள் என்று அறிவித்து வெளியேற்றும்படி பிரதமர் ஹுவோங்கை நெருக்கினார். ஹுவோங் மறுத்துவிட்டார்; ஜனவரி இறுதிக்குள் அவரே பதவியிழந்தார். பிப்ரவரியில் மற்றொரு கலகத்தைச் சாக்காக வைத்துச் சேனாதிபதிகள் கானையும் தள்ளி, ஊர் ஊராகச் சுற்றும் ஸ்தானிகர் என்ற பட்டத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். விமான நிலையத்தில் தாய்நாட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு அவர் விமானம் ஏறியபோது, வழியனுப்ப வந்திருந்தவர்களில் டெய்லரும் ஒருவர்.

இதற்கிடையே யுத்தம் காத்திருக்கவில்லை. நவம்பர் முதல் தேதி பியென் ஹோவா விமானதளத்தில் வடக்கின் ஆதரவு பெற்ற கெரில்லாக்கள் குண்டு பொழிந்து அமெரிக்க விமானங்களை நொறுக்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சைகோனின் நடுவே, அமெரிக்க அதிகாரிகள் தங்கியிருந்த பிரிங்க்ஸ் ஹோட்டலில் வெடி வைத்தார்கள். இரண்டு சமயமும் வடக்கைப் பழிக்குப் பழி தாக்க வேண்டுமென்று டெய்லர் மன்றாடினார். இரண்டு சமயமும் ஜான்ஸன் மறுத்தார். மறுத்தது மட்டுமன்றி, விமானத்தால் இந்த யுத்தம் ஜெயிக்கப்படும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை, தரையில் போராடக் கூடியவர்களை வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன் என்று டிசம்பர் இறுதியில் எழுதினார். தரைப்படையில் வளர்ந்து தரைப்படையின் பெருமைக்காகவே வாதாடிய சேனாதிபதி, தரைப்படை வேண்டாம், விமானம் போதும் என்கிறார். யுத்தக் கலை பயிலாத ஜனாதிபதி, விமானம் வேண்டாம், தரைப்படை தருகிறேன் என்கிறார். ஜனவரி முதல் வாரத்தில் டெய்லர் அனுப்பிய நீண்ட பதிலில், அந்த நாட்டில் இல்லாத தலைமையை அமெரிக்கா உண்டாக்கித் தர இயலாது, ஜனங்களின் இயல்பை மாற்ற இயலாது என்று கசப்போடு ஒப்புக்கொண்டு, ஆகவேதான் வடக்கைத் தாக்கித் தெற்கின் மனோதைரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடித்தார். நிலையான சர்க்கார் அமைந்தபின் தாக்குவோம் என்று முன்பு சொன்னவர், சர்க்கார் அமையாததனாலேயே தாக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அவருடைய சிந்தனை தடம் மாறிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். இதற்குப் பின் வந்ததெல்லாம் இதிலிருந்து பிறந்தது.

பிப்ரவரி 7-ஆம் தேதி பிளைகுவில் கெரில்லாக்களின் தாக்குதலால் எட்டு அமெரிக்கர் மாண்டு, நூற்றுக்கு மேற்பட்டவர் காயமுற்றதும் ஜான்ஸன் இசைந்தார். வடக்கின்மீது தொடர்ச்சியான விமானத் தாக்குதல் மார்ச் 2-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. டெய்லர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் விமானம் ஆகாயத்திலேயே இருந்துவிடுவதில்லை. இறங்க ஒரு தளம் வேண்டும், தளத்துக்குக் காவல் வேண்டும். டானாங் தளத்தைக் காக்க இரண்டு மரீன் பட்டாளங்கள் வேண்டுமென்று வெஸ்ட்மோர்லண்ட் கேட்டார். அப்போது, பிப்ரவரி 22-ஆம் தேதி, டெய்லர் வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். ரோமாபுரியில் நள்ளிரவில் அவர் எழுதியனுப்பிய செய்திக்குச் சமமாக வைத்து எண்ணத்தக்கது அது. தரைப்படையை இறக்குவதில்லை என்ற கொள்கையை ஒருமுறை உடைத்துவிட்டால் பிறகு எல்லை கட்டுவது மிகவும் அரிது. வெள்ளை முகமுடைய போர்வீரன், அவனுடைய பயிற்சியையும் தளவாடத்தையும் வைத்துப் பார்த்தால், ஆசியக் காடுகளில் கெரில்லாவோடு போராடத் தகுந்தவன் அல்லன். பிரெஞ்சுக்காரர் முயன்று தோற்றார்கள். வயலில் நிற்பவன் சத்துருவா, சிநேகிதனான குடியானவனா என்று அந்நியன் எப்படிப் பிரித்தறிவான் என்று, பின்னால் பத்து வருஷம் நடக்கப் போவதையெல்லாம் முன்கூட்டியே கண்டவர்போல் அதில் எழுதினார். 1961-இல் வெள்ள நிவாரண வேஷத்தில் வீரர்களை அனுப்பலாம் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்த நாட்டைக் கிட்ட இருந்து பார்த்ததன் பயன் அது.

ஆனால் அந்தத் தந்தியின் கடைசிப் பகுதியில், டானாங்கின் தேவை அவசரமானதால் அங்கே மட்டும் ஒரு பட்டாளத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று விட்டுக்கொடுத்தார். வாஷிங்டன் முன்பகுதியை ஒதுக்கிவிட்டுப் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஒன்றுக்கு இரண்டாக அனுப்பியது. மார்ச் 8-ஆம் தேதி காலையில் டானாங் கடற்கரையில் சுமார் 3,500 மரீன்கள் அலையில் நனைந்தபடி ஆயுதபாணிகளாகக் கரையேற, பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரிசையாக நின்று அவர்கள் கழுத்தில் பூமாலை போட்டார்கள். அதே வேளையில் சைகோனில், புதிதாகப் பிரதமரான டாக்டர் குவாத்தின் வீட்டில், அவருடைய காரியதரிசி ஒருவரும் அமெரிக்க ஸ்தானிகராலயத்து அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து, அந்தப் படைகளைத் தென் வியட்நாம் சர்க்கார் அழைத்திருப்பதாக அவசர அவசரமாக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு தேசத்தின் மண்ணில் அந்நிய சேனை கால் வைத்த செய்தியை, கால் வைத்த பிறகே அத்தேசத்துப் பிரதமர் தம் ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. மரீன்களோடு டாங்கிகளும் கனத்த பீரங்கிகளும் வந்திறங்கியதை அறிந்து டெய்லர் கோபித்தார். காவலுக்கு வந்தவனுக்கு டாங்கி எதற்கு என்ற கேள்வி சரியானதே, ஆனால் கேட்பதற்குரிய காலம் கடந்துவிட்டது.

எல்லை கட்டுவது அரிது என்று அவர் எழுதிய மை உலருவதற்குள் அது மெய்யாயிற்று. ஏப்ரல் முதல் வாரத்தில் மரீன்கள் தளத்தைக் காப்பதோடு நில்லாமல் வெளியே போய்த் தாக்கலாம் என்று ஜான்ஸன் உத்தரவிட்டார். அந்த மாற்றத்தை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் கட்டளையிட்டார். புதிய புதிய பட்டாளங்களைப் பற்றி நாளுக்கொரு தந்தி வாஷிங்டனிலிருந்து வந்தது. குவாத்திடம் இவற்றையெல்லாம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று டெய்லர் மனம் நொந்து பதில் எழுதினார். ஏப்ரல் 20-ஆம் தேதி ஹோனொலூலுவில் மக்னமாரா கூட்டிய மாநாட்டில், சுமார் 33,000 ஆக இருந்த தொகையை 82,000 ஆக உயர்த்துவதென்று முடிவாயிற்று. மாநாட்டுக்குப் போகும்போது எதிர்ப்பவராகப் போன டெய்லர், திரும்பும்போது இசைந்தவராகத் திரும்பினார். அவரை யாரும் மிரட்டவில்லை. ஐசன்ஹோவர் காலத்தில் நான்கு வருஷம் எந்தக் கட்டுப்பாடு அவரைப் பதவியில் இருத்தியதோ, அதே கட்டுப்பாடு இப்போதும் அவரை இருத்தியது. ஜான்ஸன் கொடுத்த அதிகாரக் கடிதம் அவர் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து நீட்டி, ராணுவ முயற்சிக்கும் நானே பொறுப்பு, இதற்கு நான் இசையேன் என்று அவர் சொல்லியிருந்தால், ஜான்ஸன் ஒன்று கேட்டிருக்க வேண்டும், அல்லது வெளிப்படையாக அவரை நீக்கியிருக்க வேண்டும். தேசமெங்கும் மதிப்புப் பெற்ற அந்தச் சேனாதிபதியை நீக்குவது எந்த ஜனாதிபதிக்கும் எளிதாயிராது. விலகி நிற்கும் உரிமை ஆலோசனை சொல்பவனுக்கு உண்டு. கீழ்ப்படிந்து பழகியவருக்கு அது ஓர் உரிமையாகத் தோன்றவில்லை. நன்றாகக் கண்ட ஒருவர், கண்டதைச் சொன்னதோடு தம் கடன் தீர்ந்தது என்று எண்ணியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஜூன் 7-ஆம் தேதி வெஸ்ட்மோர்லண்ட் 44 பட்டாளங்கள் கேட்டார். அதே வாரத்தில் குவாத் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் தியூ ராஜ்யத் தலைவரானார், கீ பிரதமரானார். ஆங்கிலம் புரியுமா என்று கேட்கப்பட்ட நால்வரில் இருவர் அவர்கள். தாம் வளர்த்த சிவிலியன் ஆட்சி முற்றிலும் மறைந்து, தாம் வைத இளைஞர்களே நாட்டை ஆள, அவர்களுக்கு எதிரே அமர்ந்து அமெரிக்கத் துருப்புகளின் வருகையைப் பற்றிப் பேசும் கடமை அந்தக் கடைசி வாரங்களில் டெய்லருக்கு வாய்த்தது. ஒரு வருஷமே இருப்பேன் என்று சொல்லியே பதவியேற்றவராதலால், ஜூலை மாத முடிவில் அவர் விடைபெற்றார். முன்பு ஸ்தானிகராக இருந்த காபட் லாட்ஜே மறுபடியும் அவ்விடத்துக்கு வந்தார். வியட்நாமிலுள்ள படையை 75,000 பேரிலிருந்து 1,25,000 பேராக உயர்த்துவதாகவும், தேவையானால் மேலும் அனுப்புவதாகவும் ஜான்ஸன் ஜூலை 28-ஆம் தேதி தம் ஜனங்களுக்கு அறிவித்தார்.

ஐசன்ஹோவரை விட்டு விலகியபின் உடனே மாறுபட்டுப் புத்தகம் எழுதியவர், இந்த முறை அப்படிச் செய்யவில்லை. 1966 பிப்ரவரியில் செனட்டர் புல்பிரைட் தலைமையில் நடந்த விசாரணையில், டெலிவிஷன் மூலம் தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, படைகளை அனுப்பிய கொள்கையை டெய்லர் பிசகில்லாமல் ஆதரித்துப் பேசினார். இந்த யுத்தத்தை அமெரிக்க ஜனங்கள் சீக்கிரமே நிராகரிப்பார்கள் என்று செனட்டர் மார்ஸ் சொன்னபோது, அது வடக்கின் தலைநகரான ஹனோய்க்குத்தான் நல்ல செய்தி என்று கடுமையாகப் பதிலளித்தார். அவர் அனுப்பிய பிப்ரவரி 22-ஆம் தேதித் தந்தியைப் பற்றி அந்தச் சபையில் அவரும் சொல்லவில்லை. அறிந்து கேட்பாரும் இல்லை. 1971-இல் இந்த யுத்தத்தைப் பற்றிய பென்டகன் ரகசிய ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளியான பிறகே, வெள்ளை முகமுடைய வீரன் அந்தக் காட்டில் போராடத் தகுந்தவன் அல்லன் என்று அப்போதே எழுதியவர் அவர்தாம் என்பது பொதுஜனங்களுக்குத் தெரிய வந்தது. அதற்குள் 40,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், அவர்களைப் போல் எத்தனையோ மடங்கு வியட்நாமியரும் மாண்டிருந்தார்கள்.